முட்டிக்குள் ஒரு சரிவு

ஆடக் கூடாது, அவ்வளவுதான், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்கேன் அறைப் பெண் என் இடது முட்டியை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு செருகினாள். காதில் தடித்த ஹெட்போன். கையில் ஒரு ரப்பர் உருண்டை. "ரொம்ப முடியலன்னா மட்டும் அமுக்குங்க. சும்மா அமுக்கிட்டீங்கன்னா திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும்." படுக்கை நகர்ந்தது. கால்தான் முதலில் உள்ளே போனது, பிறகு இடுப்பு, நெஞ்சுவரை போய் நின்றது. தலை மட்டும் வெளியே. கூரையில் நீல வானமும் மேகமுமாக ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள், பயப்படாமல் இருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். குளிர்கிறது. கம்பளியைத் தொடைவரைதான் போர்த்தியிருக்கிறாள், பாதத்தையும் போர்த்தச் சொல்லியிருக்கலாம், இனி சொல்ல முடியாது. டக் டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் ஆணி அடிக்கிற மாதிரி. கதவுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருப்பாள். என் தோடு, செயின், செல்போன் எல்லாம் அவள் மடியில். "இரும்பு ஏதாவது உடம்புல இருக்கா?" என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள், அக்காதான் பதில் சொன்னாள். "வலது முட்டியில ஸ்குரூ இருக்கும்மா, டைட்டானியம்தான், ஒண்ணும் ஆகாது, ஆபரேஷனுக்கு அப்புறமும் ஒரு தடவை எடுத்திருக்கோம்." எடுத்திருக்கோம். என் முட்டிக்கு என்ன நடந்தாலும் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடந்ததாகத்தான் அக்கா பேசுவாள், அது எனக்குப் பிடிக்கும், இன்று காலைவரை பிடித்திருந்தது. படுக்கையில் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டி, "கண்ணை மூடிக்கோ, நீ கோல் அடிச்ச ஏதாவது ஒரு மேட்சை நினைச்சுக்கோ, முடிஞ்சுடும்" என்றாள். தலையாட்டினேன். டாக்டர் என்னிடம் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கக் கீழே போயிருந்த நேரம். டாக்டர் இதயத்துல்லா என் இடது காலை மடக்கி, முட்டிக்குச் சற்றுக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, அந்த எலும்பைத் தன் பக்கமாக இழுத்துப் பார்த்தார். அது வந்தது. மேஜை டிராயர் மாதிரி வந்தது. அவர் கம்ப்யூட்டரில் என் பழைய படத்தைத் திறந்தார். "இந்தப் பக்கமும் போயிருக்கும்னுதான் நினைக்கிறேன் சுகந்தி. ஸ்கேன்ல உறுதியாத் தெரிஞ்சுடும். எப்படியும் எதிர்பார்த்ததுதானே." எதிர்பார்த்ததா? யார்? நான் முழித்ததை அவர் கவனிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து அதன் மேல் மறுகை முஷ்டியை வைத்துக் காட்டினார். "இது தொடை எலும்பு. இது கீழ்க்கால் எலும்போட மேல்பாகம், மேடை மாதிரி. எல்லாருக்குமே இந்த மேடை லேசாப் பின்னால சாஞ்சிருக்கும். உங்களுக்கு ரொம்பவே சரிவு. ஓடி வந்து சட்டுனு நின்னு திரும்பறீங்க, உடம்பு எடை மொத்தமும் இதுல இறங்குது, சரிவா இருக்கறதால கீழ் எலும்பு முன்னால வழுக்கப் பார்க்குது. அதை இழுத்துப் பிடிக்கறது நடுவுல இருக்கற ஒரே ஒரு நாரு, லிகமெண்ட். அது போற சந்தும் உங்களுக்குக் குறுகல். ரெண்டு காலும் அச்சு ஒண்ணுதான்." விரித்த கையைச் சாய்த்தார், முஷ்டி மெல்லப் பின்னால் போனது. அப்புறம் சொன்னார், சாதாரணமாக, சளிக்கு மாத்திரை சொல்கிற குரலில். "இதெல்லாம் போன ஆபரேஷன் அன்னைக்கே அக்காகிட்ட படம் வரைஞ்சு சொன்னேனே. நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அப்புறம் செக்கப்புக்கு வந்தப்ப, மறுபடி ஆடறதைப் பத்தி யோசிச்சாளான்னு கேட்டேன். தெரிஞ்சுதான் டாக்டர் ஆடறா, பிடிவாதக்காரின்னு சொன்னாங்க. சொல்லியிருக்காங்க இல்ல?" என் வாய் தானாகத் திறந்தது. "சொன்னாங்க டாக்டர்." ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு என்ன சொல்வது, என் முட்டி பற்றி ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்றா? அவர் முன்னால் அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியதா? அந்த நேரத்தில்கூட அவளைத்தான் காப்பாற்றினேன். தெரிஞ்சுதான் ஆடறா. அக்கா அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்லியிருப்பாள்? சிரித்துக்கொண்டா? நான் அப்போது எங்கே இருந்தேன்? வெளியே எடை பார்க்கிற மெஷினில் நின்றுகொண்டிருந்திருப்பேன். நர்ஸ் "பரவாயில்ல, வெயிட் போடல" என்று சொல்லியிருப்பாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சத்தம் மாறிவிட்டது. இப்போது நீளமாக ஊளையிடுகிற மாதிரி, நடுநடுவே வெட்டு. ஆடக் கூடாது. குழி. அந்தக் குழி என்ன ஆயிற்று? முதல் தடவை வலது கால் போனது ஒரு காலேஜ் கிரவுண்டில், மாநில அணிக்கு ஆள் எடுக்கிற மேட்ச். பந்து காலுக்கு வந்தது, எதிரே வந்தவளை ஏமாற்ற இடது பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டி வலது காலை ஊன்றித் திரும்பினேன். டப் என்று ஒரு சத்தம். குச்சி ஐஸை உடைக்கிற மாதிரி. என் காதுக்குக் கேட்டது, கோட்டுக்கு வெளியே நின்ற அக்காவுக்கே கேட்டதாம். விழுந்தேன். பக்கத்தில் யாருமே இல்லை, யாரும் என்னைத் தொடவில்லை. வண்டியில் ஏற்றும்போது அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "குழிடி சுகா, அங்க ஒரு குழி இருக்கு, புல்லு மூடிக் கெடக்கு, பாவிங்க கிரவுண்டைப் பார்க்காமயே மேட்ச் வெச்சிருக்காங்க." போட்டி நடத்தினவர்களிடம் போய்ச் சத்தம் போட்டாள். அவர்களும் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு எலும்பைப் பற்றித் தெரியாது, அது உண்மைதான். அன்றைக்குக் குழி என்று அவள் மெய்யாகவே நம்பியிருக்கலாம். ஆனால் அதற்கப்புறம்? ஆபரேஷன் முடிந்து, டாக்டர் படம் வரைந்து காட்டி, அதற்கப்புறமும் எத்தனை மாதம் குழி? சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது குழி. கோச் வந்தபோது குழி. ராத்திரி வலிக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, "அந்தக் குழி மட்டும் இல்லன்னா நீ இந்நேரம் இந்தியா கேம்ப்ல இருப்பே." நான் அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை. யோசித்தால் இப்போதுதான் தெரிகிறது, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் சொல்லிச் சொல்லி எனக்கு அது கண்ணில் நின்றது, தட்டு அகலத்துக்கு, ஓரத்தில் கோரைப்புல் வளைந்து, அடியில் கொஞ்சம் ஈரம். கனவில் அதற்குள் கால் போயிருக்கிறது. மறுபடி ஆட ஆரம்பித்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் மேட்ச்சுக்கு முன்னால் கிரவுண்ட் முழுக்க நடந்து குழி தேடுவேன். மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள், சர்வேயர் வந்துட்டாடி என்று. அக்காவும் கூட நடப்பாள். அதுதான். அவளும் என்னோடு நடந்தாள். குனிந்து, புல்லை விலக்கி, ஒரு இடத்தில் காலால் மிதித்துப் பார்த்து, "இங்க பரவாயில்ல" என்பாள். குழி இல்லை என்று தெரிந்தே அவள் என்னோடு சேர்ந்து குழி தேடினாள். எப்படி மனசு வரும் அதற்கு?

அவளைத் திட்டவும் வரவில்லை. அக்கா பேர் தில்லைக்கரசி. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபோது நான் இரண்டாவது படித்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி வேலை, போகிற நேரமும் வருகிற நேரமும் அவர் கையில் இல்லை. அக்காதான் எனக்குத் தலை பின்னினாள், டிபன் கட்டினாள், பெரியவளானபோது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "எனக்கு மூத்த பொண்ணு இவதான்" என்று மாமாவிடமே சொல்வாள், கல்யாணமான புதிதில், மாமாவும் சிரிப்பார். அக்கா வாலிபால் ஆடினாள். கடலூரில் அவள் அடித்த பந்தை வாங்க ஆள் இல்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். காலேஜ் மேட்ச் ஒன்றில் நெட்டுக்கு மேலே எழும்பி அடித்துவிட்டுக் கீழே இறங்கினாள், முட்டி மடங்கிவிட்டது. ஸ்கேன் எல்லாம் யார் எடுத்தது, கட்டுக் கட்டினார்கள், எண்ணெய் போட்டார்கள், வீக்கம் வடிந்தது. மறுபடி கோர்ட்டில் இறங்கியபோது எழும்ப முடிந்தது, இறங்கத்தான் பயம். இறங்கும்போது முட்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. விட்டுவிட்டாள். இப்போது மெடிக்கல் ஷாப்பில் வேலை, கவுண்டரில் ஒரு கையை ஊன்றியபடிதான் நிற்பாள். படியிறங்கும்போது சுவரைப் பிடிப்பாள். அம்மாகூட அப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கும் அந்த எலும்பா? அம்மா எங்கே பந்து விளையாடினாள், தண்ணீர்க் குடத்தோடு படியேறி இறங்கினதுதான். எனக்கு ஃபுட்பால் பிடித்துக்கொண்டபோது அக்கா என் ஷூவைத் தானே தேர்ந்தெடுத்தாள். எந்த மேட்ச்சுக்கும் வராமல் இருந்ததில்லை. கோட்டுக்கு வெளியே நொண்டிக்கொண்டே என் கூட ஓடி வருவாள். "சுகா, திரும்புடி! திரும்பு!" அந்தக் குரல் கேட்டால் என் கால் தானாகத் திரும்பும். பயமே இல்லாத ஆட்டம் என்று கோச் சொல்வார். பயமில்லாமல் இருந்தது எனக்குத் தைரியம் இருந்ததாலா, எனக்குத் தெரியாததாலா? ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வந்த முதல் மேட்ச்சில்கூடக் கத்தினாள், திரும்புடி என்று. திரும்பும்போதுதான் கிழியும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். தெரிந்தே கத்தினாள். இல்லை, அந்த நேரத்தில் மறந்துபோயிருக்கும். ஆட்டத்தைப் பார்க்கும்போது யாருக்கு எலும்பு ஞாபகம் இருக்கும்? நான் ஏன் இப்போதும் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன்?

சரி, அவள் பக்கம் நின்றே பார்க்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறாள். உள்ளே நான் மயக்கத்தில். டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார், உங்கள் தங்கைக்கு எலும்பே அப்படி, மறுபடி ஆடினால் இதுவும் போகலாம் அதுவும் போகலாம், நிச்சயம் என்றில்லை, வாய்ப்பு அதிகம். அவள் என்ன செய்வாள்? நான் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி எப்போது ஆடலாம் என்பது. அவள் என் நெற்றியைத் தடவி, "சீக்கிரமே ஆடலாம்" என்றாள். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் நான் மறுபடி தூங்கினேன். அப்போது சொல்ல முடியவில்லை, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாம். தையல் பிரித்த அன்று சொல்லியிருக்கலாம். தொடையில் சதையே இல்லாமல் சுருங்கிப்போய், காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்க நான் அழுத மாதங்களில் சொல்லியிருக்கலாம். எதற்கு அழுகிறோம் என்றாவது தெரிந்து அழுதிருப்பேன். கேட்டுவிட்டும் நான் ஆடியிருக்கலாம். ஆடியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் தாங்கவில்லை. சொல்லியிருந்தாலும் ஆடியிருப்பேன், ஆனால் என் கால் என்று தெரிந்து ஆடியிருப்பேன். காலையில் கூடுதலாகத் தொடைப் பயிற்சி செய்திருப்பேன், திரும்புகிற விதத்தை மாற்றியிருப்பேன், வேறு இடத்தில் ஆடக் கேட்டிருப்பேன், கோல் கீப்பர்கூட ஆகியிருப்பேன். போன வாரம் காலைப் பயிற்சியில் நம்ம ஊர் கிரவுண்டிலேயே இடது கால் போயிற்று. நான் தினமும் நடந்து பார்க்கிற கிரவுண்ட். சமதளம். தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன், டப். விழுந்து கிடந்தபடி முதலில் தரையைத்தான் தடவினேன், குழி எங்கே என்று. ஒன்றுமில்லை. அக்கா வந்து தூக்கும்போது, "மண்ணு ஈரமா இருக்கு, வழுக்கிடுச்சு" என்றாள். மண் காய்ந்திருந்தது. என் முழங்கையில் ஒட்டியிருந்தது வெறும் புழுதி. அதை அவள்தான் தட்டிவிட்டாள்.

மறுபடி டக் டக். வேறு தாளம். பாதம் மரத்துப்போகிறது. மாநில முகாமுக்குப் பேர் வந்திருந்தது, அடுத்த மாதம், போச்சு. அதை நினைத்தால் அழுகை வரும், அழுதால் உடம்பு ஆடும். வேறு எதையாவது நினைக்கிறேன். யாழினி. அக்கா பெண். யாழினியை நினைத்தால் சிரிப்பு வரும், முன்பெல்லாம். நடக்கக் கற்றுக்கொண்டதே என் பந்தைத் துரத்தித்தான். நாலாவது படிக்கும்போதே இடது காலால் அடிப்பாள், யாரும் சொல்லித்தராமல். அதிகாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை எழுப்புவதே அவள்தான், "சித்தி, கிரவுண்ட் சித்தி" என்று காதுக்குள். இப்போது ஆறாவது. நான் அக்கா வீட்டுக்குப் போனால் ஹோம்வொர்க் இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறாள். வளர்ந்துவிட்டாள், வெட்கம் என்று அக்கா சொன்னாள். அவளைக் கீபோர்ட் கிளாஸில் சேர்த்தாயிற்று. படிப்பு கெடுகிறது, காலையில் எழுந்தால் கிளாஸில் தூங்குகிறாள் என்று நிறுத்திவிட்டாள் அக்கா. எப்போது நிறுத்தினாள்? நான் அப்போது ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தேன். ஆமாம், ஊன்றுகோலோடு அவள் வீட்டுக்குப் போனபோது வாசலில் யாழினியின் ஷூ இல்லை. எங்கே என்றேன். சின்னதாகிவிட்டது, யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றாள். புது ஷூ அது. என் ஆபரேஷனுக்கு முந்தின மாதம் நான் வாங்கிக்கொடுத்தது, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கியது. எப்படி ஒரே மாதத்தில் சின்னதாகும்? இரண்டு காலும் அச்சு ஒன்றுதான். அக்காவுக்கு, எனக்கு, ஒருவேளை அம்மாவுக்கு. அப்படியென்றால் யாழினிக்கு. டாக்டர் சொன்ன வாரமே அக்கா வீட்டுக்குப் போய்த் தன் பெண்ணின் ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதே கையால் எனக்கு முட்டிப் பட்டை மாட்டிக் கிரவுண்டுக்கு அனுப்பினாள். உள்ளங்கையில் ரப்பர் உருண்டை நசுங்குகிறது. அமுக்கிவிட்டேனா? இல்லை, இன்னும் முழுதாக அமுக்கவில்லை. நெஞ்சு எழும்பி எழும்பி இறங்குகிறது. "அசையறீங்கம்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க, கடைசிப் படம்" என்று ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல் வருகிறது. பொறுத்துக்கொள்கிறேன். கூரையில் மேகத்தை எண்ணப் பார்க்கிறேன். என் மூத்த பொண்ணு இவதான். ஒன்று. என் மூத்த பொண்ணு.

வெளியே சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். படம் டாக்டருக்குப் போனதும் கூப்பிடுவார்கள், அதுவரை இங்கேயே இருங்கள் என்றார்கள். அக்கா எழுந்து வந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கேடி" என்று தன் துப்பட்டாவால் சுற்றினாள். நான் பாதத்தை இழுத்துக்கொள்ள நினைத்தேன், இழுத்தால் முட்டி வலிக்கும். அப்படியே விட்டேன். "யாழினியை ஏன்க்கா ஃபுட்பால்லேர்ந்து நிறுத்தின?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "இப்ப எதுக்குடி அது?" என்றாள். "சொல்லு." "படிப்பு கெட்டுப்போகுதுன்னு..." "நாலாவதுல என்னக்கா படிப்பு?" அவள் துப்பட்டா முனையைச் செருகுவதை நிறுத்தினாள். குனிந்தபடியே கேட்டாள், "டாக்டர் சொல்லிட்டாரா?" அவள் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். "வாய்ப்பு ஜாஸ்தின்னுதான் சொன்னாரு சுகா. கிழிஞ்சே தீரும்னு சொல்லல. அந்த எலும்போட ஆயுசுக்கும் ஆடறவங்க இருக்காங்கன்னும் சொன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவே. பயந்துட்டா அவ்வளவுதான், ஆட்டம் போயிடும். எனக்குத் தெரியும்டி. எனக்கு அப்படித்தானே போச்சு." "பயப்படறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்." "நீ கண்ணைத் தொறந்ததும் எப்ப ஆடலாம்னு கேட்டே. நான் என்னன்னு சொல்றது? நீ ஆடறதைப் பார்த்தா..." நிறுத்தினாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "நீ ஆடறதைப் பார்த்தா நான் ஆடற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். வேற எனக்கு என்ன இருக்கு?" அவள் கண் நிறைந்திருந்தது. எப்போதும் அவள் கண் நிறைந்தால் எனக்கு முதலில் நிறையும். இன்று வரவில்லை. "யாழினிக்குப் படம் எடுத்துப் பார்த்தியா?" "எடுத்தேன்." "என்ன சொன்னாங்க?" "வளர்ற எலும்பு, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க." "அவளுக்குச் சந்தேகம்தான். அவளை நிறுத்திட்டே. என் விஷயம் உனக்கு உறுதியாவே தெரியும். என்னை விட்டுட்டே." "அவ குழந்தைடி" என்றாள். நான் அவளையே பார்த்தேன். அவள் அடுத்து அந்த வார்த்தையைச் சொல்வாள், நீயும் என் பொண்ணு மாதிரிதானே என்று, இருபது வருடமாகச் சொல்வதை இப்போதும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை உடைந்து போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், அவளுக்கே கேட்டிருக்கும் போல, மூடிக்கொண்டாள்.

பக்கத்துப் பெஞ்சில் கை உடைந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்க்காத மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்று எனக்குள் இடறிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பைத்தியமாக இருந்த பிள்ளை, இந்தப் படிப்புப் பேச்சுக்கா ஷூவைக் கொடுத்திருக்கும்? "அவகிட்ட என்ன சொல்லி நிறுத்தின?" "விடு சுகா." "என்ன சொன்னே?" "நான் சொன்னா எங்க கேக்கறா? ஒரு வாரம் சாப்பிடாம கெடந்தா. நீ சொன்னாத்தான் கேப்பா." "நான் ஒண்ணும் சொல்லலையே." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் என் பாதத்தைப் பார்த்துச் சொன்னாள். "சித்திதான் சொன்னா, உனக்கு ஆட்டம் வராதாம், சும்மா டைம் வேஸ்டுன்னு சொல்லிட்டான்னு சொன்னேன்." டிவியில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். ஹோம்வொர்க் இருக்கிறது என்று உள்ளே போகிற முதுகு எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், நான் சிரிப்பேன், அவள் சிரிக்க மாட்டாள். இரண்டு வருடமாக நான் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் முட்டியை அக்கா தன் கையில் வைத்துக்கொண்டாள், அதைக்கூட நாளைக்கு ஒரு நாள் மறப்பேனோ என்னவோ. "போனைக் குடு" என்றேன். "யாருக்கு?" "குடுக்கா."

அக்கா வீட்டில் விட்டிருக்கிற பழைய போனுக்கு அடித்தேன். சனிக்கிழமை, வீட்டில்தான் இருப்பாள். நெடுநேரம் அடித்து, எடுத்தாள். என் பேர் தெரிந்திருக்கும், ஹலோ சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. "யாழினி, சித்தி பேசறேன்." "ம்." "உனக்கு ஆட்டம் வராதுன்னு நான் சொன்னதா அம்மா சொன்னாங்களா?" மறுபடி, "ம்." "நான் அப்படிச் சொல்லவே இல்லடா. ஒரு நாளும் சொல்லல. உன்னை மாதிரி இடது கால் எனக்கே கிடையாது." அந்தப் பக்கம் ஏதோ கீழே வைக்கிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால் காதுக்குள் கேட்ட அதே அவசரம், "அப்ப நான் கிரவுண்டுக்கு வரலாமா சித்தி? நாளைக்கே வரலாமா?" அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் நின்ற இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். வா என்று சொன்னால் அந்தப் பிள்ளை இப்போதே குதிக்கும், எனக்கு அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒன்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை, ஈரமண், படிப்பு, எதுவானாலும் நம்புவாள், நான் சொன்னால் நம்புவாள். இவ்வளவு சுலபமா இது? அக்காவை அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. "யாழினி, அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படாம கேளு. இல்ல, பயம் வந்தாலும் பரவாயில்ல, கேளு." அக்கா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்டி, குழந்தை, உன் கால்ல விழறேன்." டாக்டர் அறைக் கதவைத் திறந்து நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டாள். கொஞ்சம் இருங்கள் என்று கை காட்டினேன். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனை மறு காதுக்கு மாற்றினேன். "உங்க அம்மாவுக்கும் எனக்கும் முட்டிக்குள்ள ஒரு எலும்பு சரிவா இருக்கு. உனக்கும் அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தா ஆடும்போது அடிபட வாய்ப்பு ஜாஸ்தி. அதனாலதான் அம்மா உன்னை நிறுத்தினாங்க. உனக்கு ஆட்டம் வரலன்னு இல்ல." அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அந்தச் சின்னக் குரல் கேட்டது, அழுகை இல்லாமல், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. "சரிவுன்னா எப்படி சித்தி? சரி பண்ண முடியாதா? அப்ப நீ தெரிஞ்சா ஆடினே?"

"இல்லடா, எனக்குத் தெரியாது" என்றேன். "இன்னைக்குத்தான் தெரியும். நீ கேளு. ஒண்ணொண்ணா கேளு, எல்லாத்தையும் சொல்றேன்."